ஏரிக்கரையின் 75 வீதம்

கேள்வி: ஆட்சி மாறிய கையோடு ஏரிக்கரைப் பத்திரிகைகளின் (அரசின் கையிலுள்ள லேக் ஹவுஸ் நிறுவனத்தின் பத்திரிகைகள்) தலைப்புச் செய்தியும் மாறிவிடுகிறது. எழுதுகிறவர்களுக்கு வெட்கமாக இருக்காதா?
– வாசகி, வவுனியா

பதில்: இருக்கும், தங்கச்சி. நான் ஏரிக்கரையில் வேலை செய்தவனல்ல. கொழும்பில் வேறொரு பத்திரிகையில் ஒப்புநோக்காளனாக இருந்தேன். ஒருநாள் இரவு, அச்சுக்குப் போக இருந்த பக்கத்திலிருந்து மீனவர் கைது பற்றிய செய்தியைத் தூக்கச் சொன்னார்கள். தணிக்கை அதிகாரி எவரும் வரவில்லை. முதலாளிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது, அவ்வளவுதான். அந்த இடத்தில் சவர்க்கார விளம்பரம் போனது. செய்தியை அனுப்பிய மன்னார் நிருபர் அடுத்த மாதம் கந்தோருக்கு வந்தபோது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஆகவே எழுதுகிறவரை விட்டுவிட்டு, பங்குகள் யாரிடம் என்று பாருங்கள். நிறுவனர் டி.ஆர். விஜேவர்தனவின் குடும்பத்திடம் லேக் ஹவுஸ் இருந்த காலத்தில் அது ஐக்கிய தேசியக் கட்சியின் (ஐ.தே.க.) பக்கம் சாய்கிறது என்று இடதுசாரிகள் குற்றஞ்சாட்டினார்கள். அதில் நியாயம் இருந்தது. 1964இல் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க அதைக் கையகப்படுத்த முயன்றார். அவரது அமைச்சர் சி.பி. டி சில்வாவும் ஆளுங்கட்சியினர் 13 பேரும் எதிரணிக்குப் போக, டிசம்பர் 3ஆம் திகதி 74க்கு 73 என்று ஒரே வாக்கில் அரசாங்கம் தோற்றது. 1970இல் பெரும் பலத்தோடு திரும்பி வந்தவர் 1973இல் சட்டத்தை நிறைவேற்றினார். 75 வீதப் பங்குகள் பொது நம்பிக்கைப் பொறுப்பாளர் என்ற அரச அதிகாரியிடம் போயின. லேக் ஹவுஸின் தமிழ் நாளிதழான தினகரனும் கூடவே போயிற்று. மறுவருடம் அவசரகாலச் சட்டத்தைக் காட்டி தவச என்ற இன்னொரு பத்திரிகை நிறுவனத்துக்கு சீல் வைத்தார்கள். அதன் தமிழ்ப் பத்திரிகைகளான தினபதியும் சிந்தாமணியும் நின்றன.

ஒரு குடும்பத்திடம் குவிந்ததைப் பரவலாக்கவே இந்தச் சட்டம் என்றார்கள். குடும்பத்திடமிருந்து எடுத்தார்கள், பரவலாக்கவில்லை. 1977இல் ஆட்சிக்கு வந்த ஐ.தே.க. தலைவர் ஜே.ஆர். ஜயவர்தனவும் செய்யவில்லை. விஜேவர்தனவின் மகள்வழிப் பேரன் ரணில் விக்கிரமசிங்க பல தடவை பிரதமராக இருந்தார், 2022இல் ஜனாதிபதியுமானார். அப்போதும் பங்குகள் அசையவில்லை. ஆட்சி மாறினால் பணிப்பாளர் சபைக்குப் புதிய தலைவர் வருகிறார். அவருக்குக் கீழே, வீட்டு வாடகையும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் உள்ள ஓர் உதவி ஆசிரியர் இருக்கிறார். அவர் மட்டும் எப்படி எதிர்த்து நிற்பார்?

அடுத்த முறை வாக்குக் கேட்டு வருகிறவரிடம் இதைக் கேளுங்கள்: அந்த 75 வீதத்தை வாசகருக்கும் ஊழியருக்கும் எப்போது விற்கப் போகிறீர்கள்?