ஐரோப்பியப் பதிப்பைப் போட்டால் தாளம் இழுக்குமா?

கேள்வி: என் மகள் பியானோ கற்றுக்கொள்கிறாள். வீட்டில் பழைய நிண்டெண்டோ டிஎஸ் லைட் கையடக்க விளையாட்டு இயந்திரம் ஒன்று இருக்கிறது. ஜப்பானில் வாங்கியது. அதில் விளையாட ‘மேஸ்ட்ரோ! ஜம்ப் இன் மியூசிக்’ என்ற இசை விளையாட்டின் கார்ட்ரிட்ஜ் ஒன்று பழைய பொருளாக விலைக்கு வந்திருக்கிறது. ஐரோப்பியப் பதிப்பு. ஜப்பான் இயந்திரத்தில் அது ஓட ‘ரீஜன் அன்லாக்’ செய்ய வேண்டும், அதாவது வேறு நாட்டுப் பதிப்பைத் தடுக்கும் பூட்டை நீக்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் என்கிறார் விற்பவர். கார்ட்ரிட்ஜில் ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் சேவ் பேட்டரியைப் புதிதாக மாற்றியதற்கும் தனியாகக் கேட்கிறார். போதாததற்கு, ஐரோப்பியப் பதிப்புகளில் இசை மெதுவாக ஓடும், குழந்தையின் தாள உணர்வே கெட்டுவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் பயமுறுத்துகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். அன்லாக்குக்கும் பேட்டரிக்கும் ஒரு காசுகூடக் கொடுக்காதீர்கள். இரண்டுமே இல்லாத வேலைக்குக் கேட்கிற கூலி.

முதலில் உங்கள் நண்பரின் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஏனென்றால் அவர் சொல்வது முழுப் பொய் இல்லை, இடம் மாறிப்போன உண்மை. பழைய காலத்தில் டிவியோடு இணைத்து ஆடும் இயந்திரங்களில் அந்தச் சிக்கல் இருந்தது. ஐரோப்பாவின் டிவிகள் நொடிக்கு 50 முறை படத்தைப் புதுப்பித்தன. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அது 60. அறுபதுக்கு எழுதிய விளையாட்டை அப்படியே ஐம்பதில் ஓட்டினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். பல விளையாட்டுகளில் சுருதி மாறாது, காலப்பிரமாணம் மட்டும் இழுபடும். காது பழகியவர்களுக்கு அது எரிச்சல்தான். ஆனால் கையடக்க இயந்திரத்துக்கு டிவி எங்கே இருக்கிறது? டிஎஸ்ஸுக்குத் திரை அதன் உடம்பிலேயே இருக்கிறது, எந்த நாட்டில் வாங்கினாலும் நொடிக்குக் கிட்டத்தட்ட 60 முறைதான் புதுப்பிக்கும். கார்ட்ரிட்ஜ் ஐரோப்பாவுடையதாக இருந்தாலும் மொஸார்ட் மொஸார்ட்டின் வேகத்தில்தான் வருவார்.

அடுத்தது அந்த ‘அன்லாக்’. 2004-இல் வந்த முதல் டிஎஸ்ஸிலும் 2006-இல் வந்த டிஎஸ் லைட்டிலும், சீனப் பதிப்புகளைத் தவிர, விளையாட்டுகளுக்கு நாட்டுப் பூட்டே கிடையாது. பூட்டு இல்லாத கதவுக்குச் சாவி விற்கிறார் உங்கள் ஆள். பழுது பார்க்கும் மேசையில் இந்தக் கதையை நான் அடிக்கடி கேட்கிறேன். ஒருவர் ‘அன்லாக் செய்தது’ என்று கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய டிஎஸ் லைட்டைக் கொண்டு வந்தார். திறந்து பார்த்தால் உள்ளே யாரும் திருப்புளியே வைத்ததில்லை, தொழிற்சாலையில் போட்ட திருகுகள் அப்படியே இருந்தன. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இயந்திரத்தின் அமைப்புகளில் மொழியை ஜப்பானியத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். ஐரோப்பியக் கார்ட்ரிட்ஜ்கள் பெரும்பாலும் இயந்திரத்தின் மொழியைப் பார்த்துத்தான் பேசும்.

இதில் இன்னொரு விதிவிலக்கு இருக்கிறது. உங்கள் இயந்திரத்துக்கு இன்று அது பொருந்தாது. ஆனாலும் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதி விற்பனையாளர்கள் ஏமாற்றுவது இந்த மூலையில் நின்றுதான். டிஎஸ் லைட்டுக்குப் பிறகு டிஎஸ்ஐ என்று ஒன்று வந்தது, 2011-இல் 3டிஎஸ் வந்தது. சாதாரண டிஎஸ் கார்ட்ரிட்ஜ்கள் அவற்றிலும் நாட்டுப் பேதம் இல்லாமல் ஓடும். ஆனால் டிஎஸ்ஐயின் கூடுதல் வசதிகளைப் பயன்படுத்துவதற்கென்றே செய்த கார்ட்ரிட்ஜ்கள் சில உண்டு. அவற்றை டிஎஸ்ஐயிலோ 3டிஎஸ்ஸிலோ போட்டால் பூட்டு விழித்துக்கொள்ளும், வேறு நாட்டுப் பதிப்பு ஓடாது. அதே கார்ட்ரிட்ஜ்களில் டிஎஸ்ஸுக்கும் சேர்த்துச் செய்த ரகத்தை உங்கள் டிஎஸ் லைட்டில் போட்டால் எந்த நாட்டுடையதானாலும் ஓடும். டிஎஸ்ஐக்கு மட்டும் என்று செய்த ரகம் டிஎஸ் லைட்டில் ஓடவே ஓடாது. தலை சுற்றுகிறதா? எனக்கும் முதலில் சுற்றியது. கண்டுபிடிக்க எளிய வழி: கார்ட்ரிட்ஜின் முன்பக்க லேபிளில் சிறிய எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். அது ‘என்டிஆர்’ (NTR) என்ற மூன்று எழுத்தில் தொடங்கினால் சாதாரண ரகம், கவலை வேண்டாம். ‘டிடபிள்யூஎல்’ (TWL) என்று தொடங்கினால் டிஎஸ்ஐ சம்பந்தப்பட்டது. பணம் கொடுக்கும் முன் லேபிளின் படத்தைத் தெளிவாக அனுப்பச் சொல்லுங்கள். மங்கலான படம் வந்தால் இன்னொன்று கேளுங்கள். அதுவும் மங்கலாக வந்தால் விட்டுவிடுங்கள்.

உண்மையில் நீங்கள் பயப்பட வேண்டிய நாட்டு வித்தியாசம் சார்ஜரில் இருக்கிறது. யாரும் அதைச் சொல்வதில்லை. ஜப்பான் வீடுகளின் மின்சாரம் 100 வோல்ட். சார்ஜரின் முதுகில் எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று அச்சிட்டிருக்கும். அதைப் படிக்காமல் 230 வோல்ட் பிளக்கில் செருகினால் விளையாட்டு அன்றோடு முடிந்தது.

சரி, பேட்டரி. டிஎஸ் கார்ட்ரிட்ஜுக்குள் சேவ் பேட்டரி கிடையாது. அதற்கு முந்தைய தலைமுறைகளின் சில கார்ட்ரிட்ஜ்களில் பொத்தான் பேட்டரி இருந்தது, அது தீர்ந்தால் சேமித்த ஆட்டம் போய்விடும். டிஎஸ்ஸில் சேமிப்பதற்கு மின்சாரமே தேவைப்படாத நினைவகச் சில்லு. ‘பேட்டரி மாற்றினேன்’ என்பவருக்கு ஒன்று கார்ட்ரிட்ஜைப் பற்றித் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரியும்.

போலிகளில் கோளாறு வருவதும் இந்தச் சேமிப்பில்தான். அதனால் கைக்கு வந்தவுடன் ஒரு கட்டம் ஆடி முடித்து, அணைத்து, கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து, சற்று நேரம் கழித்துத் திரும்பப் போட்டுப் பாருங்கள். ஆடியது நினைவில் இருக்க வேண்டும். நூறு விளையாட்டு ஏற்றிய ஒரே கார்ட்ரிட்ஜ் தருகிறேன் என்பவர்களிடம் பேச்சே வேண்டாம்.

கார்ட்ரிட்ஜைவிட உங்கள் வீட்டு இயந்திரத்தின் கீழ்த்திரைதான் எனக்குக் கவலை. 2009-இல் பாஸ்டாகேம்ஸ் செய்த இந்த விளையாட்டில் ஒரு குட்டிப் பறவை கம்பிகளின் மேல் நடந்து போகும். ஸ்டைலஸ் என்ற தொடுகுச்சியால் கம்பியைச் சுண்ட வேண்டும், பறவை எம்பும், நாம் சுண்டுவதே இசையாகக் கேட்கும். அதாவது எல்லாம் தொடுதிரையின் தலையில். டிஎஸ்ஸின் தொடுதிரை இன்றைய ஃபோன் போன்றதல்ல, இரண்டு அடுக்குகள் அழுத்தத்தில் ஒட்டி வேலை செய்வது. வருடக்கணக்கில் ஒரே இடத்தில் தேய்த்திருந்தால் அந்த இடம் செத்துப்போயிருக்கும். அங்கே உங்கள் மகள் சரியாகத்தான் சுண்டுவாள், இயந்திரம் தப்பு என்று சொல்லும். தாளம் தெரியவில்லையோ என்று பிள்ளை அழுவாள். குற்றவாளி திரை.

சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். டிஎஸ் லைட்டிலேயே பிக்டோசாட் என்ற படம் வரையும் வசதி இருக்கிறது. அதைத் திறந்து மேலிருந்து கீழாக நெருக்கமாகக் கோடுகள் இழுங்கள், அப்புறம் இடமிருந்து வலமாக. கோடு அறுபடும் இடம்தான் பழுதான இடம். கோடு அறுபடாமல் சற்றுத் தள்ளி விழுந்தால் அது பழுதில்லை, அமைப்புகளில் போய்த் தொடுதிரையைச் சீரமைத்தால் போதும். திரையின் மேல் தடித்த பாதுகாப்புத் தாள் ஒட்டியிருந்தால் முதலில் அதை உரித்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். தேடும்போது ‘மேஸ்ட்ரோ! கிரீன் க்ரூவ்’ என்ற பெயரும் கண்ணில் படும். அது டிஎஸ்ஐயில் இணையம் வழியாக மட்டும் விற்றது, உங்கள் இயந்திரத்தில் ஓடாது. டிஎஸ்ஐ கடையை 2017 மார்ச் 31-இல் மூடினார்கள், 3டிஎஸ் கடையில் வாங்கும் வசதியை 2023 மார்ச் 27-இல் மூடினார்கள். நேர்மையாகக் காசு கொடுத்து வாங்க வருகிறவருக்குக் கடையைப் பூட்டிவிட்டு, திருட்டுப் பிரதி எடுக்காதே என்று உபதேசம் செய்கிற துறை இது. அந்த வெற்றிடத்தில்தான் ‘உள்ளே விளையாட்டு ஏற்றியது’ என்று பழைய இயந்திரங்களை அநியாய விலைக்கு விற்கும் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். பதிவிறக்கம் அந்த இயந்திரத்தோடு கட்டுண்டது. இயந்திரம் கெட்டால் அதுவும் போகும்.

ஹெட்ஃபோன் வாங்குவதானால் கம்பி உள்ளதே வாங்குங்கள், டிஎஸ் லைட்டில் அதற்கான துளை இருக்கிறது. புளூடூத் இணைப்பான் வழியாகக் கேட்டால் ஒலி தாமதமாக வரும், தாள விளையாட்டில் அந்தச் சிறு தாமதமே ஆட்டத்தைக் கெடுத்துவிடும். உங்கள் நண்பர் பயந்த இழுவை அங்கேதான் நிஜமாகவே நடக்கும். இது பியானோ பயிற்சிக்கு உதவுமா என்று கேட்டால், அதை மகளின் ஆசிரியரிடம் கேளுங்கள். நான் திருப்புளி பிடிக்கிறவன்.