ஜாக்கெட் ஓரத்துக்குப் பயாஸ் டேப்: கேட்டதும் சொன்னதும்

பயாஸ் டேப் என்பது சாய்வாக வெட்டி, துணி ஓரத்தைச் சுற்றி மூடும் பட்டி. லைனிங் இல்லாத, கோட்டுபோல் மேலே போடும் ஜாக்கெட்டை வீட்டிலேயே தைப்பவர்கள் கேட்டவை இவை.

கடையில் விற்கும் டேப் போதாதா அக்கா?

போதும். ஆனால் அது பெரும்பாலும் மொடமொடவென்று இருக்கும். மெல்லிய துணியில் ஓரம் அட்டை வைத்ததுபோல் நிற்கும். நான் வெட்டித்தான் போடுவேன். 50 செ.மீ. சதுரத் துணியை 4 செ.மீ. பட்டிகளாக வெட்டினால், ஒட்டுப் போட்டதுபோக ஏறக்குறைய 6 மீட்டர் தேறும். நான்காக மடித்தால் வெளியே 1 செ.மீ. தெரியும். துணியை முதலில் நனைத்துக் காயவைத்துவிடுங்கள்.

சாய்வாக ஏன் வெட்ட வேண்டும்? நேராக வெட்டினால் துணி மிச்சமாகுமே?

மிச்சமாகும், கழுத்தில் வளையாது. நீளவாக்கில் ஓடும் பாவு இழையோடு இழுத்தாலும், அகலவாக்கில் ஓடும் ஊடை இழையோடு இழுத்தாலும் துணி அதிகம் நீளாது. நடுவே 45 டிகிரியில் இழுத்துப் பாருங்கள், நீளும்.

கழுத்தில் டேப் எழுந்து நிற்கிறது. முன்பக்கக் கீழ்முனை வளைவிலோ உள்ளே சுருட்டிக்கொள்கிறது. இரண்டையும் ஒரே மாதிரிதானே தைத்தேன்?

அதுதான் தப்பு! கழுத்து உள்வளைவு. அங்கே தையல் கோட்டைவிட விளிம்பின் சுற்றளவு குறைவு. அதனால் டேப்பை லேசாக இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டும். கீழ்முனை வெளிவளைவு, விளிம்புக்கு நீளம் கூடுதலாகத் தேவை. அங்கே இழுக்கவே கூடாது, கொஞ்சம் தளர்த்திக் கொடுங்கள். தைக்கும் முன்பே டேப்பை அந்த வளைவுக்கேற்ப நீராவி இஸ்திரியால் வளைத்து ஆறவிட்டால் பாதி வேலை முடிந்தது. அப்புறம், டேப் சுற்றி மூடும் ஓரத்துக்குத் தையலுக்கென்று கூடுதல் துணி விடாமல் வெட்டுங்கள். விட்டால் கழுத்து இறுக்கும்.

டேப் மேல் சாய்வாகச் சுருக்கக் கோடுகள் விழுகின்றன.

மேல் மடிப்பை மெஷின் பாதம் தள்ளிக்கொண்டு போகிறது. குண்டூசியை மட்டும் நம்பாமல் கையால் ஓட்டத்தையல் போட்டுவிட்டு அடியுங்கள். அப்படியும் விழுந்தால் பட்டி சரியான 45 டிகிரியில் இல்லை. அதைப் பிரித்துப் பயனில்லை, புதிதாக வெட்டுங்கள்.

ஓரம் பிசிறாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின் இல்லை. உள்ளே பிசிறு தெரியுமே?

ஜாக்கெட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டால் கண்ணில் படுவது அதுதான்! தையலின் இரு பக்கத் துணியையும் விரித்து இஸ்திரி போடுங்கள். 3 செ.மீ. பட்டியைத் தையலுக்கு விட்ட துணியின் ஓரத்தோடு, இரண்டின் நல்ல பக்கமும் ஒன்றையொன்று பார்க்க வைத்து 6 மி.மீ. உள்ளே அடித்து, பின்னால் திருப்பி, டேப்பும் துணியும் சேரும் பள்ளத்திலேயே இன்னொரு தையல். அடியில் இருக்கும் ஓரத்தை மடிக்க வேண்டாம். சாய்வாக வெட்டிய ஓரம் அவ்வளவாகப் பிரியாது.

டேப்பின் இரு முனைகளை எங்கே சேர்ப்பது?

பக்கத் தையலுக்கு அருகே, சாய்வாக. கழுத்தின் நடுவே மட்டும் வேண்டாம்.