ஆழ்துளைக் கிணற்று நீரில் மாங்கனீசு: மூளையைப் பாதிக்குமா?

கேள்வி: எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் பட்டு வாளியும் குழாயடியும் கறுத்துப் போகின்றன. பரிசோதனையில் லிட்டருக்கு 0.24 மில்லிகிராம் மாங்கனீசு என்று வந்திருக்கிறது. சுத்திகரிப்புக் கருவி விற்பவர், இது மூளையில் படிந்து நடுக்குவாதம் வரும் என்று சொல்லி, நீரில் கம்பிகளை விட்டுக் கண்ணெதிரே சேறாக்கிக் காட்டினார். நானும் கணவரும் பத்தாண்டுகளாக இதையே குடிக்கிறோம். இப்போது மகளும் பேறுகாலத்துக்கு வந்திருக்கிறாள். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தச் சேற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கம்பிகளில் ஒன்று இரும்பு. மின்சாரம் பாய்ந்ததும் அந்த இரும்பே கரைந்து துருவாக மிதக்கிறது. அவருடைய கருவி தரும் நீரில் உப்புகள் மிகக் குறைவு என்பதால் மின்சாரம் சரியாகப் பாயாது, நீரும் தெளிவாகவே நிற்கும். அந்த நீரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டு அதே கம்பிகளை விடச் சொல்லுங்கள்; அதுவும் சேறாகும். அவர் சட்டைப்பையில் வைத்திருக்கும் டிடிஎஸ் பேனாவும் கரைந்த உப்புகளின் மொத்தத்தைத்தான் காட்டும், மாங்கனீசைத் தனியே காட்டாது.

மாங்கனீசு உடலுக்கு வேண்டிய சத்து. மூளையில் அம்மோனியாவை அகற்றும் நொதிக்கும், உயிரணுக்களில் ஆக்சிஜனால் விளையும் சேதத்தைத் தடுக்கும் நொதிக்கும் அது தேவை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் வேண்டும்; 11 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க வரையறை. நீங்கள் இரண்டு லிட்டர் குடித்தாலும் அரை மில்லிகிராம்தான் சேர்கிறது. அரிசி, கேழ்வரகு, பருப்பு, தேநீர் ஆகியவை அதைவிட அதிகம் தருகின்றன. உண்பதில் நூற்றில் ஐந்து பங்குக்கு மேல் குடல் பொதுவாக உறிஞ்சுவதில்லை. மிகுந்ததைக் கல்லீரல் பித்தநீர் வழியே வெளியேற்றிவிடுகிறது.

விற்பனையாளர் சொன்ன நோய் பொய்யன்று, ஆனால் அது வேறு வழியில் வருவது. 1837-இல் கிளாஸ்கோவில் மாங்கனீசுத் தாது அரைத்த தொழிலாளர்கள் முன்பக்கம் சாய்ந்து தள்ளாடி நடந்ததை ஜான் கூப்பர் என்ற மருத்துவர் பதிவு செய்தார். மூச்சில் போகும் தூசியும் வெல்டிங் புகையும் நுரையீரலிலிருந்து நேரே இரத்தத்தில் கலப்பதால், கல்லீரல் வடிகட்டுவதற்கு முன்பே மூளையின் ஆழத்தில் அசைவுகளைச் சீர்செய்யும் பகுதியில் மாங்கனீசு படிகிறது. அவர்களுடைய நோயைக் காட்டி உங்களிடம் கருவி விற்கப் பார்க்கிறார்கள். உங்கள் இருவருக்கும் இந்த அளவால் நடுக்குவாதம் வராது. முடியை வெட்டிச் சோதித்து, 'உலோக நச்சு நீக்கும்' ஊசி போடுகிறோம் என்று வருகிறவர்களிடமும் ஏமாற வேண்டாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் வந்த பேறுகாலச் செய்திதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிறந்த குழந்தையின் குடல் மாங்கனீசைப் பெரியவர்களைவிட அதிகம் உறிஞ்சுகிறது. அதை வெளியேற்றும் பித்தநீர் வழியோ இன்னும் முதிர்ந்திருக்காது. முதல் ஆறு மாதங்களுக்கு நாளொன்றுக்கு வெறும் 3 மைக்ரோகிராம் போதும் என்பது கணக்கு. தாய்ப்பாலில் இருப்பதும் அவ்வளவு சொற்பம்தான். உங்கள் நீரில் பால்மாவைக் கரைத்து நாளுக்கு 700 மில்லி கொடுத்தால், நீரிலிருந்து மட்டுமே ஏறத்தாழ 168 மைக்ரோகிராம், அதாவது தேவையைப் போல 56 மடங்கு, போய்ச் சேரும். கொதிக்க வைப்பதால் மாங்கனீசு போகாது; நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். பங்களாதேசத்திலும் கனடாவின் கியூபெக்கிலும் பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுகள், நீரில் மாங்கனீசு மிகுந்த இடங்களில் அறிவுத்திறன் மதிப்பெண்கள் குறைந்திருந்ததைக் காட்டின. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் லிட்டருக்கு 0.08 மில்லிகிராம் என்ற வரம்பை வைத்ததே புட்டிப்பால் குழந்தைகளை எண்ணித்தான். ஆகவே தாய்ப்பால் கொடுக்கட்டும். உங்கள் மகள் இந்த நீரைக் குடித்தாலும் அதற்குத் தடையில்லை. பால்மாவு தவிர்க்க முடியாததானால், மாங்கனீசு குறைவென்று சோதித்த நீரில் மட்டும் கரையுங்கள்.

நமது குடிநீர்த் தரமோ 0.1 என்று ஒரு வரம்பையும், வேறு நீராதாரம் இல்லாதபோது 0.3 என்று இன்னொன்றையும் வைத்திருக்கிறது. அந்த 'இல்லாதபோது' என்ற நிபந்தனையைப் படிக்காமலே 'குடிக்க உகந்தது' என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். அறுபது கிலோ ஆளுக்கும் மூன்று கிலோ சிசுவுக்கும் ஒரே முத்திரை. எத்தனை முறை எழுதினாலும் அறிக்கைப் படிவத்தில் ஒரு வரி மாறுவதில்லை.

கருவி வாங்குவதானால், ஆர்ஓ மாங்கனீசைக் குறைக்கும். ஆனால் கறை படியுமளவுக்கு மாங்கனீசு இருக்கும் நீரில், முன்னால் இரும்பு–மாங்கனீசு நீக்கும் வடிகட்டி இல்லாவிட்டால் அதன் சவ்வு விரைவில் அடைத்துக்கொள்ளும். குழாயை ஐந்து நிமிடம் திறந்துவிட்ட பிறகு, ஆய்வகமே அமிலம் சேர்த்துத் தரும் பாட்டிலில் மாதிரி எடுங்கள். சாதாரண பாட்டிலில் மாங்கனீசு அடியில் படிந்து அளவு குறைவாகக் காட்டக்கூடும். கருவிக்குள் போகும் நீர், வெளியே வரும் நீர் இரண்டையும் விற்பவரோடு தொடர்பில்லாத ஆய்வகத்தில் சோதித்து, 0.08-க்குக் கீழே வந்தால்தான் முழுப் பணம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.