பென்டிங் மொமென்ட் மட்டும் ஏன் தப்பாக வருகிறது?

சிவில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: “8 மீட்டர் பீம். இடது முனை ஏ-யில் ஹிஞ்ச் சப்போர்ட் (நகரவிடாமல் பிடித்து, சுழல மட்டும் விடும் தாங்கி), அங்கிருந்து 6 மீட்டரில் பி-யில் ரோலர் (கிடையாக நகரவிடும் தாங்கி). பி-யைத் தாண்டி 2 மீட்டர் வெளியே நீண்டு சி-யில் முடிகிறது. ஏ முதல் பி வரை மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் யுடிஎல் (சீராகப் பரவிய லோடு), சி முனையில் 15 கிலோநியூட்டன் பாயின்ட் லோடு. ரியாக்‌ஷன் (சப்போர்ட் தரும் எதிர்விசை) சரியாக வந்துவிட்டது. ஆனால் ஏ-யிலிருந்து 3 மீட்டரில் பென்டிங் மொமென்ட் (அந்த இடத்தில் பீமை வளைக்கும் விளைவு, கிலோநியூட்டன்-மீட்டரில்) எனக்கு 75 வருகிறது, புத்தகத்தில் 30 என்று இருக்கிறது. எங்கே தவறுகிறேன்?”

75 என்ற எண்ணே பதிலைச் சொல்லிவிடுகிறது. 25 × 3 என்று போட்டிருக்கிறீர்கள்; 25 என்பது ஏ-யின் எதிர்விசை. யுடிஎல் முழுவதையும் 60 கிலோநியூட்டன் ஒற்றை லோடாக மாற்றி 3 மீட்டரில் வைத்துவிட்டு, அதற்கப்புறம் அதே இடத்தில் பீமைக் கற்பனையாக வெட்டியிருக்கிறீர்கள். வெட்டும் இடத்திலேயே லோடு இருப்பதால் அதற்கு மொமென்ட் (விசை × தூரம்) இல்லை என்று ஆகிவிட்டது. இந்தப் பாடத்தில் மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான்.

ரியாக்‌ஷன் கண்டுபிடிக்கும்போது அப்படி மாற்றுவது சரி. அங்கே முழு பீமும் ஒரே பொருள். உள்ளே லோடு எப்படிப் பரவியிருந்தாலும் சமநிலைக்கு மொத்தமும் மையமும் போதும். ஏ-யைச் சுற்றி மொமென்ட் எடுத்தால், பி-யின் ரியாக்‌ஷன் × 6 = 60 × 3 + 15 × 8 = 300. ஆகவே பி-யில் 50, ஏ-யில் மொத்த லோடு 75 − 50 = 25 கிலோநியூட்டன். இதோடு நிறுத்தாமல் இதுவரை பயன்படுத்தாத ஒரு சமன்பாட்டால் சரிபாருங்கள். பி-யைச் சுற்றி எடுத்தால் 60 × 3 − 15 × 2 = 150; அதை 6-ஆல் வகுத்தால் அதே 25. பயன்படுத்திய சமன்பாட்டிலேயே மறுபடி போட்டுப் பார்ப்பது சரிபார்ப்பு ஆகாது.

பீமின் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கிறபோது பொருள் மாறிவிடுகிறது. இப்போது உங்கள் பொருள் வெட்டுக்கு இடதுபக்கம் இருக்கும் 3 மீட்டர் துண்டு மட்டும். அதற்குத் தனியாக ஒரு ஃப்ரீ பாடி டயகிராம் (துண்டையும் அதன்மேல் உள்ள விசைகளையும் மட்டும் காட்டும் படம்) வரையுங்கள்; கேள்வியில் இருக்கும் படத்தின் மேலேயே கோடு போட்டுச் சமாளிக்காதீர்கள். அந்தத் துண்டின் மேல் இருப்பது 30 கிலோநியூட்டன் யுடிஎல், அதன் மையம் வெட்டிலிருந்து 1.5 மீட்டர். மொமென்ட் = 25 × 3 − 30 × 1.5 = 30. முதலில் வெட்டு, பிறகு அந்தத் துண்டில் உள்ள யுடிஎல்லை மட்டும் மாற்று. இந்த வரிசையைத் தலைகீழாக்கவே கூடாது.

குறி விஷயத்திலும் இதே மாதிரி ஒரு குழப்பம் உண்டு. ரியாக்‌ஷனுக்கு எழுதிய கடிகாரத் திசை, எதிர்த்திசை கணக்கை பென்டிங் மொமென்ட்டுக்கும் இழுத்துக்கொண்டு வருவார்கள். இரண்டும் வேறு. பென்டிங்கில் பீம் கீழ்நோக்கித் தொய்ந்தால் ப்ளஸ், மேல்நோக்கிப் புடைத்தால் மைனஸ். வெட்டின் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் மேல்நோக்கிய விசை தருவது ப்ளஸ், கீழ்நோக்கிய விசை தருவது மைனஸ். பி-யில் இதைப் பாருங்கள்: வலதுபக்கத்திலிருந்து −15 × 2 = −30, இடதுபக்கத்திலிருந்து 25 × 6 − 60 × 3 = −30. எப்போதும் லோடு குறைவாக இருக்கும் பக்கத்தை எடுங்கள், வேலை பாதியாகும்.

ஷியர் ஃபோர்ஸ் (வெட்டில் பீமை மேலும் கீழுமாக அறுக்கப் பார்க்கும் விசை) படம் இன்னும் சுலபம். ஏ-யில் 25-இல் தொடங்கி மீட்டருக்கு 10 குறைந்து, 2.5 மீட்டரில் சுழியைக் கடந்து, பி-க்குச் சற்று இடப்புறம் −35 ஆகிறது. பி-யில் 50 ஏறி 15. சி வரை அப்படியே. இந்தப் படத்தின் பரப்பளவுதான் மொமென்ட்டில் ஏற்படும் மாற்றம். முதல் முக்கோணம் 31.25, இரண்டாவது −61.25, கடைசிச் செவ்வகம் 30. மூன்றையும் கூட்டினால் சுழி. சி-யில் பிடிப்பு எதுவும் இல்லாததால் மொமென்ட் சுழியில்தான் முடிய வேண்டும். முடியவில்லையென்றால் மேலே எங்கோ பிழை.

அதிகபட்சத் தொய்வு மொமென்ட் 2.5 மீட்டரில் வரும் 31.25. நடுவில் அல்ல. மீட்டருக்கான லோடு × ஏ முதல் பி வரையிலான நீளத்தின் வர்க்கம் ÷ 8 என்ற சூத்திரத்தை இங்கே போட்டால் 45 வரும். அது சி-யில் லோடு இல்லாத சாதாரண பீமுக்கு உரியது. பி-யில் உள்ள −30-இன் பாதி, அதாவது 15, நடுவில் குறைகிறது; 45 − 15 = 30. சூத்திரத்தைத் தூக்கிப் போட வேண்டாம், அது எந்த பீமுக்கு என்று தெரிந்திருந்தால் இப்படி ஒரு குறுக்கு வழியாகவே பயன்படும்.

5 மீட்டரில் மொமென்ட் குறி மாறுகிறது. இது காகிதத்தோடு போகிற விஷயம் இல்லை. கான்கிரீட் பீமாக இருந்தால் இழுவிசை வரும் பக்கம்தான் கம்பி வேண்டும்: ஏ-க்கும் 5 மீட்டருக்கும் இடையே முக்கியக் கம்பி அடியில், பி-யின் மீதும் சி வரையும் மேலே. மேல்கம்பியை 5 மீட்டரிலேயே நறுக்கிவிடவும் முடியாது. பிடிமானத்துக்கு அதைத் தாண்டியும் நீட்ட வேண்டும். பால்கனிக்குக் கம்பியை அடியில் மட்டும் போட்டால் அது ஆபத்து என்பதற்கும் காரணம் இந்த மைனஸ் குறிதான். அதனால்தான் குறியை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

அடுத்து, சி-யில் 15-க்குப் பதிலாக 120 கிலோநியூட்டன் வைத்துப் போட்டுப் பாருங்கள். ஏ-யின் ரியாக்‌ஷன் −10 என்று வரும். பயந்து அழித்துவிடாதீர்கள். நீங்கள் மேல்நோக்கி என்று வைத்த திசை தவறு, அவ்வளவுதான். ஏ-யில் பீமைக் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்று பொருள். ஹிஞ்ச் அதைச் செய்யும். சுவர்மேல் சும்மா வைத்த பீம் என்றால், சி-யில் லோடு 90-ஐத் தாண்டியதுமே ஏ முனை தூக்கிக்கொள்ளும். இந்த 90 எங்கிருந்து வருகிறது என்பதைப் பி-யைச் சுற்றி ஒரே ஒரு மொமென்ட் சமன்பாடு எழுதி நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.