பதில்: 'டிஸ்குட்டிர்' என்று எழுதியதும் மேலாளருடன் சண்டையா என்று கேட்கிறார்கள்

மட்ரிட் அலுவலகத்துக்கு "நேற்று மேலாளருடன் திட்டத்தைப் பற்றிப் பேசினேன்" என்று ஸ்பானிஷில் சொல்ல நினைத்து 'டிஸ்குட்டி கொன் எல் ஹெஃபே' என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் பதறியதில் வியப்பில்லை. 'டிஸ்குட்டிர்' வினைச்சொல்லோடு 'கொன்' ('உடன்') போட்டு ஆளைச் சேர்த்தால் வாக்குவாதம் செய்தேன் என்றுதான் படும். ஆங்கில 'டிஸ்கஸ்' போலத் தெரிந்து ஏமாற்றும் சொல் இது. ஆனால் 'வரவுசெலவை டிஸ்குட்டிர்' என்று விஷயத்தைச் சேர்த்தால் விவாதிப்பது என்ற பொருளும் வரும், அதனால் சொல்லையே ஒதுக்க வேண்டாம். உங்கள் வாக்கியத்துக்கு 'ஆப்லே கொன் எல் ஹெஃபே சோப்ரே எல் ப்ரொயெக்டோ' போதும்.

ஆங்கில 'ஆர்கியுமென்ட்' போலத் தெரியும் 'அர்குமென்டோ'வும் இதே வகை. அது வாதத்துக்கான காரணம், அல்லது படத்தின் கதை. வாய்ச்சண்டைக்கு 'டிஸ்குசியோன்'.

அதற்கு மேலே போனால் 'பெலெயார்சே'. வாய்ச்சண்டை, கைகலப்பு இரண்டுக்கும் வரும். அடித்ததைத் தெளிவாகச் சொல்ல 'பெகார்'.

'ப்ரோன்கா' மட்டும் ஊருக்கு ஊர் மாறும். ஸ்பெயினில் ஒருவருக்கு 'எச்சார் லா ப்ரோன்கா' என்றால் டோஸ் விடுவது. அர்ஜென்டினாவில் 'ப்ரோன்கா' என்றால் எரிச்சல், கோபம். மெக்சிகோவில் 'நோ ஆய் ப்ரோன்கா' என்றால் "பரவாயில்லை, ஒன்றும் பிரச்சினை இல்லை". எனக்குப் பிடித்தது இதுதான்.

சரி, இப்போதைக்கு அவர்களுக்கு 'நோ நோஸ் பெலெயாமோஸ், சோலோ ஆப்லாமோஸ்' என்று ஒரு வரி அனுப்புங்கள். சண்டை போடவில்லை, பேசினோம், அவ்வளவுதான்.