நாய்க்கு முகம் வீங்கினால் அலர்ஜி மாத்திரை போதுமா?

கேள்வி: தென்னந்தோப்புக்குள் போய்வந்த எங்கள் நாட்டு நாய்க்கு அரை மணி நேரத்தில் மூஞ்சி பன் மாதிரி வீங்கிவிட்டது, கண்ணே திறக்கவில்லை. வீட்டில் இருக்கும் அலர்ஜி மாத்திரையைக் கொடுக்கலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: மாத்திரையைத் தேடும் முன் கழுத்துப்பட்டையைக் கழற்றுங்கள். வீக்கம் கீழே இறங்கினால் பட்டையே குரல்வளையை நெரிக்கும். பிறகு மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு வெளுத்திருக்கிறது, மூச்சில் கரகரப்பு, அடுத்தடுத்து வாந்தி, பேதி, கால் தள்ளாட்டம் – இதில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே டாக்டரிடம் போக வேண்டும். நாய்க்கு ஒவ்வாமை முற்றினால் குடலும் ஈரலும்தான் முதலில் அடிவாங்கும். ‘எதையோ தின்றிருக்கும்’ என்று வாந்தியை ஒதுக்கிவிடுவதில்தான் நேரம் போய்விடுகிறது.

இவை எதுவும் இல்லையா? அடுத்து வீக்கத்தைப் பாருங்கள். தேனீ, குளவி, கதண்டு கொட்டிய ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் உதடு, மூக்கு, இமை என்று இரண்டு பக்கமும் மெத்தென்று வீங்கும். உடம்பில் தடிப்பு தடிப்பாக எழும்பும். நாய் முகத்தைத் தரையில் தேய்க்கும். தொட்டால் அவ்வளவாக வலி காட்டாது.

கொட்டியது தேனீ என்றால் கொடுக்கு தோலிலேயே நிற்கும். நகத்தால் வழித்தோ பிடுங்கியோ எப்படியாவது சட்டென்று எடுத்துவிடுங்கள். தாமதிக்கத் தாமதிக்க விஷம் இறங்கிக்கொண்டே இருக்கும். குளவியும் கதண்டும் கொடுக்கை விட்டுப் போகாது. ஐஸைத் துணியில் சுற்றி 10 நிமிடம் ஒத்தி எடுங்கள். சுண்ணாம்பு தடவ வேண்டாம். நாய் நக்கினால் நாக்கு வெந்துபோகும், கண்ணில் பட்டால் கண் கெடும். மாத்திரை என்றால், டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு, செட்டிரிசின் மட்டும் உள்ளதைக் கொடுக்கலாம்: எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரை, நாளுக்கு ஒரு முறை. 10 கிலோ நாய்க்கு 10 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. மூக்கடைப்பு மருந்தோ பாராசிட்டமாலோ கலந்த சளி மாத்திரை நாய்க்கு விஷம். பெயர் ஒன்றுபோல இருக்கும், அட்டையின் பின்பக்கம் படித்துவிட்டுக் கொடுங்கள். சாதாரண ஒவ்வாமை வீக்கம் ஒரு நாளில் வடிந்துவிடும். கதண்டுக் கூடு கலைந்து பல இடத்தில் கொட்டியிருந்தால் கணக்கே வேறு: நாய் தெம்பாகத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிறகு சிறுநீர் காப்பித் தண்ணீர் நிறத்தில் போனால் சிறுநீரகத்துக்கு ஆபத்து.

இனிமேல் சொல்வதுதான் டெல்டாக்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. வரப்பில் எலிவளையை மோந்துவிட்டோ வைக்கோல் போரைக் கிளறிவிட்டோ வந்த நாய்க்கு ஒரு பக்கமாக வீங்கி, தொட்டால் கத்துகிறது, வீக்கம் கழுத்துப் பக்கம் பரவுகிறது என்றால் பாம்புக்கடி என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள். பல் பட்ட தடம் ரோமத்துக்குள் தெரியாமல் போகலாம். கண்ணாடி விரியன் கடி என்றால் தோல் கருநீலமாகும், கடிவாயிலும் ஈறிலும் ரத்தம் நிற்காமல் கசியும். நல்ல பாம்பு என்றால் வீக்கத்தோடு எச்சில் ஒழுகும், இமை தொங்கும், பின்னங்கால் துவளும். கட்டுவிரியன் கடியில் வீக்கமே இருக்காது என்பதால் ‘வீங்கவில்லை, பாம்பில்லை’ என்றும் முடிவுகட்டக் கூடாது.

பாம்புக்கடிக்குக் கட்டுப் போடுவது, கீறுவது, ஐஸ் வைப்பது, வாயில் எதையாவது ஊற்றுவது எல்லாம் கெடுதல். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். போகும் வழியிலேயே, விஷமுறிவு மருந்து கையிருப்பு உண்டா என்று போன் செய்து கேளுங்கள். எல்லாக் கால்நடை மருந்தகத்திலும் இருக்காது. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே டாக்டர் கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார். உறையாவிட்டால் கண்ணாடி விரியன் வகை விஷம் என்று பொருள். நாய் சின்னது என்பதற்காக மருந்தைக் குறைக்க முடியாது. ஏறிய விஷத்துக்குத்தான் மருந்து, எடைக்கு அல்ல. ஆகவே செலவுக்கும் தயாராகப் போங்கள்.

கேள்வி: கண்ணுக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் வீங்குகிறது. ஊசி போட்டால் வடிகிறது, சில வாரத்தில் திரும்ப வருகிறது.
– வாசகர், பாபநாசம்

பதில்: பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். மேல்தாடையில் இருப்பதிலேயே பெரிய கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர். அதன் நுனி கண்ணுக்குக் கீழேதான் முடிகிறது. கெட்டி எலும்பைக் கடித்துப் பல்லில் விரிசல் விட்டால் வேரில் சீழ் கட்டி, கன்னத்தில் ஓட்டை போட்டுக்கூட வெளியே வரும். ஆன்டிபயாட்டிக் சீழை அடக்குமே தவிர செத்த பல்லைச் சரிசெய்யாது. எக்ஸ்ரே எடுத்து, மயக்கம் கொடுத்துப் பல்லைப் பிடுங்கினால்தான் நிற்கும்.

கேள்வி: தடுப்பூசி போட்ட அன்று குட்டிக்கு முகம் வீங்கியது. அடுத்த ஊசியை விட்டுவிடலாமா?
– வாசகி, திருவாரூர்

பதில்: வெறிநாய்க்கடித் தடுப்பூசியை விடவே கூடாது. எந்த ஊசி, எத்தனை மணி நேரத்தில் வீங்கியது என்று எழுதிவைத்து டாக்டரிடம் காட்டுங்கள். ஒரே நாளில் பல ஊசி போடாமல் பிரித்துப் போடுவார், தேவைப்பட்டால் முன்கூட்டியே அலர்ஜி ஊசி போடுவார். காலையில் போங்கள், போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். சாயங்காலம் போட்டுவிட்டு வந்து, ராத்திரி வீங்கினால் டாக்டரைத் தேடி அலைய வேண்டிவரும்.