பெஞ்ச்ரெஸ்ட் பழக என்ன வேண்டும்?

கேள்வி: நின்றுகொண்டு துப்பாக்கி சுட என் முதுகு ஒத்துழைக்காது. மேசையில் வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் பழக லைசென்ஸ், பெரிய செலவு எல்லாம் வேண்டுமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: காற்றழுத்தத்தால் சுடும் ஏர் ரைஃபிளில் தொடங்குங்கள். குழல் துளை 4.5 மி.மீ., சுடும் சக்தி 20 ஜூலுக்குள் என்றால் 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டாம். ஆனால் சுடுவது கிளப் ரேஞ்சில்தான். மொட்டை மாடி ஆசையை விட்டுவிடுங்கள். சர்வதேசப் போட்டியில் தூரம் 25 மீட்டர். ஒரு அட்டையில் 25 வட்டம், வட்டத்துக்கு ஒரே குண்டு.

விலையுயர்ந்த ஸ்டாண்டு இப்போது எதற்கு? முன்னால் ஒன்று, தோளில் வைக்கும் பின்கட்டைக்கு அடியில் ஒன்று என இரண்டு மணல் பை போதும். மெரினா மணலை மட்டும் அள்ளிப் போடாதீர்கள்: உப்பு ஈரத்தை இழுத்துப் பை இறுகிவிடும், துப்பாக்கியும் துருப்பிடிக்கும். கழுவிக் காயவைத்த ஆற்று மணலே சரி. வலக்கைக்காரர் என்றால் பின்பையை இடக்கையால் அமுக்கி உயரத்தைச் சரிசெய்யலாம். குழலுக்கு அடியில் உள்ள முன்கட்டையின் ஒரே இடம்தான் ஒவ்வொரு முறையும் பையில் உட்கார வேண்டும். பென்சிலால் கோடு போட்டுவிடுங்கள். குழல் பையைத் தொட்டால் குண்டுகள் ஒரே இடத்தில் விழாமல் சிதறும். ஸ்பிரிங்கால் காற்றை அழுத்திச் சுடும் துப்பாக்கி துள்ளும், இறுக்கிப் பிடிக்காதீர்கள்.

பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) மூன்று நான்கு வகை வாங்கி, ஒவ்வொன்றிலும் 5 சுட்டு, நெருக்கமாக விழுவதை வைத்துக்கொள்ளுங்கள். திறந்த ரேஞ்சில் மதியம் கடற்காற்று பெல்லட்டைப் பக்கவாட்டில் தள்ளும்; காலையிலேயே பழகுங்கள்.